நீள வீட்டு அம்மா

என் மகள் கவிநிலாவுக்கு ஜுரம் வந்தாலும் சரி, கணக்கில் முதல் மார்க் வந்தாலும் சரி, செய்தி முதலில் போவது அவள் அத்தைக்குத்தான். எனக்கு அது ராத்திரிச் சாப்பாட்டோடு ஆறிப்போய் வந்து சேரும்.

அத்தை என்றால் என் கணவர் கோபியின் தங்கை கஸ்தூரி. கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே புருஷன் வீடு சரிப்படாமல் திரும்பி வந்தவள். தாய் தகப்பன் இல்லாததால் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அடி அண்ணாமலையில் எங்களோடுதான் இருக்கிறாள். ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் காலை ஷிப்ட் பார்த்துவிட்டு மதியமே வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு வேர்க்கடலை மண்டியில், எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை மண்டியில், கணக்கு எழுதுகிறேன். அங்கிருந்து ஒரு பஸ், டவுனில் இறங்கி இன்னொரு பஸ். பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்தில் அந்த இரண்டாவது பஸ்ஸும் கிடையாது, நடைதான். நான் வீட்டுக்குள் நுழையும்போது பிள்ளை முகம் கழுவி, ரெட்டைப் பின்னல் போட்டு, ஹோம் ஒர்க் முடித்து, அத்தை மடியில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். "வந்துட்டியாமா" என்று டிவியைப் பார்த்தபடியே கேட்பாள்.

கஸ்தூரி கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம், அழுதிருக்கலாம், அண்ணன்காரனிடம் மூட்டிவிட்டிருக்கலாம். அவளோ நான் செருப்பைக் கழற்றுவதற்குள் காபி கொண்டுவந்து வைப்பாள். அந்தக் காபியும் நன்றாக இருக்கும். குறை சொல்ல ஒன்றும் இல்லாத ஒருத்தி மேல் பொறாமைப்படுவது போல் ஒரு அவஸ்தை உலகத்தில் கிடையாது. வெளியே சொன்னால் எனக்குத்தான் அசிங்கம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குள் அமெரிக்காவிலிருந்து ஒரு பழங்குடிக் கூட்டமே வந்து இறங்கியது.

கவிநிலா ஏழாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியலுக்குப் புதிதாக வந்தவள் சிந்துஜா மிஸ். ஓட்டுப் போடாமலே ஜனங்கள் எப்படி ஆட்சி நடத்த முடியும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட, இரோக்வா என்ற அமெரிக்கப் பழங்குடிகளின் கூட்டமைப்பை எடுத்துக்கொண்டாள். தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்த ஐந்து நாடுகள் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு ஒரே சபையாக உட்கார்ந்த கதை. பாடம் நடத்தியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்து தொலைந்திருக்கும். அவள் நடத்தவில்லை. வகுப்பை ஐந்து குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நாட்டின் பெயரை வைத்தாள். குழுவில் ஆளுக்குப் பாடத்தில் ஒரு துண்டு. ஒரே துண்டு கிடைத்தவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் எழுந்து வந்து சேர்ந்து படிக்க வேண்டும். பிறகு தன் குழுவுக்குத் திரும்பிப் போய் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். மார்க் குழுவுக்குத்தான், தனியாளுக்கு இல்லை. ஒருத்தருக்குப் புரியாவிட்டாலும் எல்லாருக்கும் நஷ்டம்.

எங்கள் கவிநிலாவின் குழுவுக்கு செனெகா என்று பெயர். கூட்டமைப்பின் மேற்கு வாசலைக் காவல் காத்த நாடாம். அவளுக்குக் கிடைத்த துண்டு, வீடும் உறவும்.

சொல்லித்தர வேண்டுமென்றால் முதலில் வீட்டில் சொல்லிப் பார்க்க வேண்டுமே. யாரிடம் சொல்லிப் பார்த்தாள் என்று நான் சொல்லவும் வேண்டுமா? கஸ்தூரி வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள், நடுநடுவே கேள்வி வேறு. தங்கள் கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த ஒரு அமெரிக்க அம்மாவிடம் போய் அந்த ஐந்து பெயர்களையும் எப்படி உச்சரிப்பது என்று கேட்டு, போனில் பதிவு செய்து கொண்டுவந்தாள். அன்றிலிருந்து அந்தக் குழுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவள்தான் அத்தை. சனிக்கிழமைகளில் ஆர்த்தியும் ராஜாவும் இன்னும் இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான். இரோக்வா ஜனங்கள் குலத்தோடு சேர்ந்து வாழ்ந்த நீள வீடு மாதிரி, அட்டைப்பெட்டியை வெட்டி நீளமாக ஒரு வீடு செய்தார்கள். நான் மண்டியிலிருந்து வந்து பார்த்தால் கூடம் முழுக்கப் பசையும் காகிதமும். "ஆன்ட்டி, காலை வெக்காதீங்க, அங்க வீடு காயுது" என்றான் ராஜா. என் வீட்டில் எனக்குக் கால் வைக்க இடமில்லை.

"நான் எதுனா வெட்டிக் குடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா, நீ டயர்டா இருப்ப. அத்தை பாத்துக்கும்" என்றாள் கவிநிலா.

அக்கறையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் நெஞ்சில் முள் தைத்தது.

கடைசி நாள் நிகழ்ச்சிக்குப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். இரோக்வா நாடுகளில் தலைவனைத் தேர்ந்தெடுப்பது பெண்கள்தானாம். குலத்தாய் என்று ஒருத்தி இருப்பாள், அவள் சொல்கிறவன்தான் தலைவன், சரியில்லை என்றால் அவளே இறக்கியும் விடுவாள். அதனால் ஒவ்வொரு குழுவும் ஒரு வீட்டுப் பெண்ணைக் குலத்தாயாக அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். யாரை என்பதைக் குழுவே பேசி முடிவு செய்ய வேண்டும். அதிலும் ஓட்டுக் கிடையாது. ஒருத்தர் வேண்டாம் என்றாலும் நின்றுபோகும். ஆனால் வேண்டாம் என்கிறவர் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சிரிக்காமல் கேட்டு அதற்கு ஒரு வழி தேட வேண்டும். சிந்துஜா மிஸ் போட்ட சட்டம் அது.

"அத்தையக் கூப்பிடறோம்மா. அஞ்சு பேரும் ஓகே சொல்லிட்டோம்" என்றாள் கவிநிலா, சாப்பிட்டுக்கொண்டே.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கோபியிடம் சொன்னேன். "ஒரு நாற்காலிக்கா இந்தப் பாடு? உனக்கு லீவும் கிடைக்காது" என்றார். ஆண்களுக்கு என்ன தெரியும்? பெற்றவள் நான் இருக்கும்போது, ஊர் பார்க்க, என் பிள்ளை பின்னால் தாய் என்ற பெயரில் இன்னொருத்தி உட்காரப் போகிறாள். அவர் ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார்.

மறுநாள் சாயங்காலம் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் கவிநிலா அத்தைக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்கள்ல கல்யாணம் ஆனா மாப்ளதான் பொண்ணு வீட்டுக்குப் போவணும் அத்தை. வீடு பொம்பளைங்களோடது. பொறக்கற பசங்க எல்லாம் அம்மாவோட குலம். அம்மாவோட அக்கா, தங்கச்சி எல்லாருமே அம்மாதான். நம்ம பெரியம்மா, சின்னம்மான்னு சொல்றோமே, அப்டியே. அப்பாவோட அண்ணன் தம்பி எல்லாம் அப்பா."

"ஐயே, நம்ம மாதிரியேவா?" என்றாள் கஸ்தூரி.

"நம்ம மாதிரியேதான். அப்பாவோட அக்கா தங்கச்சி மட்டும்தான் வேற. அவங்க அத்தை. அவங்க வேற குலம், வேற வீடு."

என் கையில் கத்தி நின்றது. அந்த நிமிஷம் அந்த அமெரிக்கப் பழங்குடிகள் மேல் எனக்கு வந்த பாசம் இருக்கிறதே, என் பிறந்த வீட்டார் மேல்கூட வந்ததில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"அப்டின்னா உங்க அத்தை எப்டி அந்த நாற்காலில உக்காருவாங்க?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல. "அத்தை வேற குலம்னு நீதானே இப்ப சொன்ன? உன் துண்டுலயே தப்பு வந்தா குழுவுக்கே மார்க் கம்மியாயிடாது?"

கவிநிலா தன் நோட்டைத் திரும்பப் பார்த்தாள். அவள் நேர்மையான பிள்ளை. அது மட்டும் என்னிடமிருந்து போனதா என்பது வேறு விஷயம். அத்தையைப் பார்த்தாள். கஸ்தூரி சட்டென்று சிரித்தாள்.

"அண்ணி சொல்றது கரெக்ட்டு கண்ணு. அண்ணிதானே உக்காரணும்" என்றாள். எழுந்துபோய் எனக்குக் காபி போட்டாள். நான் அதைக் குடித்தேன். இனித்தது.

குழு திரும்பக் கூடி, நான்தான் குலத்தாய் என்று முடிவானது. மண்டி முதலாளியிடம் லீவு கேட்டேன். "மல்லாட்ட வர்ற நேரத்துல லீவா? ஸ்கூல்ல நாடகத்துக்கா போறீங்க?" என்றார். "எம் பொண்ணு கூப்பிட்டிருக்கா" என்று நான் சொன்ன தோரணையில் அவர் மேலே பேசவில்லை.

நிகழ்ச்சி அன்றைக்கு மாம்பழக் கலர் பட்டுப்புடவை கட்டினேன். கொசுவத்தை மண்டி போட்டு உட்கார்ந்து சரி செய்துவிட்டவளும் கஸ்தூரிதான். அவளும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூடவே கிளம்பினாள். வராதே என்று எப்படிச் சொல்வது? ஹாலில் பார்வையாளர் பெஞ்சில், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூட ஹால் தரையில் சாக்பீஸால் நீளமாக ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் ஒரு நாற்காலி. எங்கள் கட்டத்தின் நாற்காலியில் நான். காலடியில் என் பிள்ளையும் அவள் கூட்டாளிகளும். மற்ற நாற்காலிகளில் இருந்த அம்மாக்கள் நெளிந்துகொண்டிருந்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரும்பிக் கடைசி பெஞ்சை ஒரு தடவை பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

ஒவ்வொரு குழுவும் எழுந்து தன் துண்டுகளைச் சொன்னது. எங்கள் முறை வந்தது. ஆர்த்தி சபையைப் பற்றிச் சொன்னாள், ராஜா சோளமும் பீன்ஸும் பூசணியும் ஒரே குழியில் வளர்வதைச் சொன்னான். கவிநிலா வீட்டைச் சொன்னாள். பிள்ளைகள் அம்மா குலம், அம்மாவின் தங்கச்சியும் அம்மாதான், அத்தை வேறு குலம் என்று தெளிவாகச் சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. இனி நான் தலைவர் பெயரைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. யார் பெயரைச் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

"தலைவருக்கு முன்னாடி எங்க வீட்ல இன்னொரு விஷயம் இருக்கு" என்றாள் கவிநிலா. "நீள வீட்ல யாருனா செத்துட்டாலோ, வீட்ல ஆளு கொறஞ்சு போச்சுன்னாலோ, வெளிய இருந்து ஒருத்தரத் தத்து எடுப்பாங்க. குலத்தாய் ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா அப்பறம் அவங்கள வெளி ஆளுன்னு யாரும் சொல்லக் கூடாது. சொன்னா தப்பு." மூச்சு வாங்கினாள். "நாங்க அஞ்சு பேரும் பேசினோம். எங்களுக்குச் சம்மதம். குலத்தாய், எங்க கஸ்தூரி அத்தைய உன் தங்கச்சியா தத்து எடுத்துக்க."

ஹாலில் கை தட்டினார்கள். யாரோ "சூப்பர்" என்றார்கள். கடைசி பெஞ்சில் கஸ்தூரி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

தங்கச்சி. என் தங்கச்சி என்றால் என் மகளுக்கு யார்? இவளே சற்று முன் ஊரைக் கூட்டிச் சொன்னாளே. அம்மாவின் தங்கச்சியும் அம்மாதான். அத்தையாக இருந்தவரைக்கும் வேறு வீட்டுக்காரி. அந்த ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டுதான் நான் இந்த நாற்காலிக்கே வந்தேன். இப்போது என் வாயாலேயே அவளை அம்மாவாக்கச் சொல்கிறார்கள். நாளைக்கு வீட்டில் நாள் முழுக்கச் சின்னம்மா, சின்னம்மா என்று கூப்பிடுவாள். நான் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற நேரமெல்லாம் அந்த வீட்டில் அம்மா என்ற சொல் கேட்டுக்கொண்டிருக்கும், நான் இல்லாமலே.

"முடியாது" என்றேன்.

கைதட்டல் நின்றது. சிந்துஜா மிஸ் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். நடுவில் வந்து சமாதானம் செய்வாள் என்று பார்த்தேன். அவள் அசையவில்லை. ராஜாதான் எழுந்தான்.

"காரணம் சொல்லணும் ஆன்ட்டி. அதான் ரூல்."

எத்தனையோ சாக்கு சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு வழக்கம் நிஜமாகவே உண்டா என்று கேட்டிருக்கலாம், நேரமாகிறது என்றிருக்கலாம். ஐந்து பிள்ளைகளும் அண்ணாந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று கூடச் சிரிக்கவில்லை. அப்படி என் பேச்சுக்காக யாரும் காத்திருந்து எனக்கு நினைவில்லை.

"எனக்குப் பொறாம" என்றேன். "நான் வர்றதுக்குள்ள உன் நாளு முடிஞ்சு போயிடுது கவி. எல்லாத்தையும் அவதான் பாக்கறா. ஜாஸ்தி எதுவும் நான் கேக்கல. அம்மான்ற அந்தப் பேரு ஒண்ணுதான் எனக்குன்னு இருக்குது. அதையும் பங்கு போடச் சொன்னா நான் குடுக்க மாட்டேன். அவ்ளோதான்."

பட்டுப்புடவைக்குள் வியர்த்து ஊற்றியது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. கவிநிலா என்னைப் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தாள். பிறகு அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. மற்ற நாலு பேரையும் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஐந்தும் சாக்பீஸ் கோட்டுக்குள் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தன. ஆர்த்தி ஏதோ சொன்னாள், ராஜா மறுத்தான், கவிநிலா விரலை நீட்டி யாருக்கு யார் என்ன முறை என்று எண்ணிக் காட்டினாள். பெரியவர்கள் சபை கூடி இப்படி மரியாதையாகப் பேசி நான் பார்த்ததில்லை. பக்கத்துக் கட்டத்து அம்மா எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

கடைசியில் ஆர்த்தி எழுந்தாள்.

"குலத்தாய் சொன்னது எங்களுக்குப் புரிஞ்சுது. அம்மாவ பங்கு போட வேணாம். அதனால முறைய மாத்திட்டோம். அத்தைய தங்கச்சியா எடுக்க வேணாம் ஆன்ட்டி. மகளா எடுத்துக்கங்க. அப்ப அவங்க கவிக்கு அக்கா. அம்மா நீங்க ஒருத்தர்தான்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. என் கோபத்தில் ஓட்டை எங்கே என்று தேடாமல், அதைச் சுற்றி வீட்டைக் கட்டிவிட்டு வந்து நின்றார்கள்.

முதல் தடவையாக, பொறாமை இல்லாமல் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். கஸ்தூரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். என்னை விட எத்தனை வயது சின்னவள் அவள். காய்ச்சல் என்று அவள் படுத்த நாட்களில்கூட மாத்திரை போட்டாயா என்று நான் கேட்டதில்லை. அவளாகவே போட்டுக்கொண்டு எழுந்து எனக்குக் காபி வைத்திருப்பாள். என் மகளைத் தவிர அந்த வீட்டில் நான் தாயாக இருந்திருக்க வேண்டிய இன்னொருத்தி உண்டென்றால், தாயில்லாத அவள்தான்.

"சம்மதம்" என்றேன். "இங்க வாடி."

அவளை நான் டி போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் பெஞ்சுகளை இடித்துக்கொண்டு வந்து, சாக்பீஸ் கோட்டை மிதிக்காமல் தாண்டி, என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் என் முழங்கால் பக்கம் சாய்ந்து தேம்பினாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். யார் தலைவர் என்று சொல்ல மறந்தே போனேன். மிஸ் ஞாபகப்படுத்திய பிறகு ஆர்த்தி பெயரைச் சொன்னேன். அந்த மூளைக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

நிகழ்ச்சி முடிந்து செங்கம் ரோட்டில் ஒரு ஓட்டலுக்குள் நுழைந்தோம். கஸ்தூரியும் நானும் ஒரு பக்கம், எதிரில் கவிநிலா. கஸ்தூரிக்கு இன்னும் மூக்கு சிவந்திருந்தது. சர்வர் வந்து நின்றான்.

"நீ இன்னாடி சாப்பிடற?" என்று கஸ்தூரியைக் கேட்டேன். "காலைலயும் ஒண்ணும் சாப்பிடல நீ. பூரி சொல்லட்டுமா? சூடா கேளு, ஆறினது வாங்காத."

"எதுனா சொல்லுங்க அண்ணி."

"எதுனா இல்ல. உனக்கு இன்னா புடிக்கும்னு சொல்லு."

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. யோசித்து, வெட்கப்பட்டு, நெய் ரோஸ்ட் என்றாள். அவளுக்கு நெய் ரோஸ்ட் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. பிறகு கவிநிலாவைக் கேட்டு, அவளுக்கும் எனக்கும் இட்லி சொன்னேன். தட்டு வந்ததும் என் சட்னியையும் அவள் பக்கம் நகர்த்தினேன்.

நிமிர்ந்து பார்த்தேன். கவிநிலா இட்லியைப் பிய்க்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு கொஞ்சம் பிதுங்கியிருந்தது.

"என்னை ஏன் மொதல்ல கேக்கல?" என்றாள்.

"உன்னையும் கேட்டேனே?"

"அக்காவக் கேட்ட அப்பறந்தான் கேட்ட. அவளுக்கு மட்டும் உன் சட்னி." தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து எங்கள் பக்கம் வந்தாள். எனக்கும் கஸ்தூரிக்கும் நடுவில் இடுப்பை இடித்து இடம் பண்ணி உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, "அம்மா என் அம்மா" என்று கஸ்தூரியை முறைத்தாள்.

நான் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் இட்லி ஆறிக்கொண்டிருந்தது.